உங்க வீட்டு வைஃபை ஐபிவி6-க்கு ரெடியா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்!

நண்பர் ஒருவர் சென்னையில் வேலை பார்க்கிறார். அவருடைய அம்மா மட்டும் ஊரில் தனியாக இருக்கிறார். ‘வாசலில் யார் வர்றாங்க, போறாங்கனு பார்த்துக்கலாமே’ என்று தீபாவளி லீவுக்குப் போனபோது ஒரு கேமராவும் ரெக்கார்டரும் வாங்கி மாட்டிவிட்டு வந்தார். வீட்டு வைஃபையில் இருந்து பார்த்தபோது படம் பளிச்சென்று வந்தது. பஸ் ஏறி சென்னைக்கு வந்து போனில் பார்த்தால்... சுற்றிக்கொண்டே இருக்கிறது. யூடியூப் வீடியோ பார்த்து ‘போர்ட் ஃபார்வேர்டிங்’ எல்லாம் செய்து பார்த்தார். ம்ஹூம்! கஸ்டமர் கேரில் கேட்டால், “ஸ்டேட்டிக் ஐ.பி வேணும் சார். அதுக்குத் தனியா மாசாமாசம் கட்டணும்” என்றார்கள்.

கேமராவில் கோளாறு இல்லை. ரவுட்டரிலும் இல்லை. அந்த வீட்டுக்கென்று இன்டர்நெட்டில் சொந்தமாக ஒரு முகவரியே இல்லை என்பதுதான் பிரச்னை. இன்று பிராட்பேண்ட் வைத்திருக்கும் ஏராளமான வீடுகளுக்கும் இதே நிலைதான். உங்கள் வீடும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

இதற்கான தீர்வின் பெயர் ஐபிவி6. பெயரைக் கேட்டு ‘இது இன்ஜினீயர் சமாசாரம்’ என்று ஓடிவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்கினால், நீங்களே உங்கள் வீட்டு நெட்வொர்க்கைத் தயார் செய்துவிடலாம்.

முகவரி எப்படித் தீர்ந்துபோனது?

இன்டர்நெட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அதுதான் ஐ.பி முகவரி. நாம் பல வருடங்களாகப் பயன்படுத்தி வரும் ஐபிவி4, 1981-ல் வரையறுக்கப்பட்டது. 32 பிட் நீளம். கணக்குப் போட்டால் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் வரும். கம்ப்யூட்டர் என்றாலே பெரிய நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மட்டும் இருந்த காலத்தில் அது ரொம்பப் பெரிய எண். இன்று ஒரே வீட்டில் நாலு போன், ரெண்டு லேப்டாப், ஒரு டி.வி, ஒரு கேமரா என்று இருக்கிறதே... எப்படிப் போதும்?

2011 பிப்ரவரி 3-ம் தேதி, உலக அளவில் முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் ‘ஐயானா’ அமைப்பு தன் கையிருப்பில் இருந்த கடைசி 5 பெரிய தொகுதிகளையும் கொடுத்து முடித்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான அமைப்பு, அதே ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ரேஷன்தான்.

இது நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்ததால், 1998-லேயே ஐபிவி6 வரையறுக்கப்பட்டுவிட்டது. 128 பிட் நீளம். 340-க்குப் பின்னால் 36 சைபர் போட்டுக்கொள்ளுங்கள், தோராயமாக அத்தனை முகவரிகள். ‘சரி, ஐந்து எங்கே போச்சு?’ என்று கேட்பீர்கள். அந்த எண்ணை ஏற்கெனவே ஒரு சோதனை முயற்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் நாலுக்குப் பிறகு ஆறு.

ஒரே கதவு எண்ணில் நூறு குடும்பம்!

முகவரி தீர்ந்த பிறகும் நம் வீட்டில் நெட் ஓடுகிறதே, எப்படி? பகிர்ந்துகொள்வதால்தான்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு குடும்பம் இருக்கிறது. ஆனால், தபாலில் எழுத ஒரே ஒரு கதவு எண்தான். யார் வெளியே கடிதம் போட்டாலும் வாட்ச்மேன் நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால், நோட்டைப் பார்த்து சரியான வீட்டில் கொடுத்துவிடுவார். ஆனால், யாரும் கேட்காமல் புதிதாக ஒரு கடிதம் வந்தால்? எந்த வீட்டுக்கு என்று அவருக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்கள் ரவுட்டர் வீட்டுக்குள் செய்யும் ‘நாட்’ என்பது இந்த வாட்ச்மேன் வேலைதான். அதையே பல சந்தாதாரர்களுக்குச் சேர்த்து இன்டர்நெட் நிறுவனம் தன் இடத்தில் செய்தால், அது ‘சி.ஜி.நாட்’. நண்பரின் கேமரா மாட்டிக்கொண்டது இங்கேதான். வீட்டு ரவுட்டரில் கதவைத் திறந்து வைத்தார், சரி. தெருமுனையில் இருக்கும் பெரிய வாட்ச்மேன் உள்ளே விடவில்லை!

உங்கள் வீடும் இப்படித்தானா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வேன்’ ஐ.பி என்று ஒரு எண் இருக்கும். அது 10. என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினாலோ, நீங்களும் அந்த நூறில் ஒரு குடும்பம்தான். சில வெப்சைட்டுகள் காரணமே இல்லாமல் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்று படம் காட்டிக் கேட்பதற்கும், கேமில் ‘ஸ்ட்ரிக்ட் நாட்’ என்று வருவதற்கும் இந்தப் பகிர்வு ஒரு காரணம். அதே முகவரியில் இருக்கும் யாரோ ஒருவர் செய்யும் சேட்டைக்கு, உங்களையும் சேர்த்து சந்தேகப்படுகிறார்கள்.

ஐபிவி6 வந்தால், ஒவ்வொரு கருவிக்கும் சொந்தக் கதவு எண். ஒரு வீட்டு நெட்வொர்க்குக்குக் குறைந்தபட்சம் கிடைக்கும் ஒரு தொகுதியிலேயே, 430 கோடியை 430 கோடியால் பெருக்கினால் வரும் அளவுக்கு முகவரிகள் இருக்கும்.

உங்கள் போன் ஏற்கெனவே மாறிவிட்டது!

இதில் ஒரு வேடிக்கை. உங்களுக்கே தெரியாமல் நீங்கள் பல வருடங்களாக ஐபிவி6 பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். 2016-ல் ஜியோ வந்தபோதே ஐபிவி6-ஐ வைத்துத்தான் பெரிய அளவில் களமிறங்கியது. மற்ற மொபைல் நிறுவனங்களும் மாறின. இந்தியாவில் இருந்து கூகுளுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஐபிவி6 வழியாகத்தான் வருகிறார்கள். உலகின் முன்னணி நாடுகளில் நாமும் ஒன்று. ஐபோன் ஆப்கள் எல்லாம் ஐபிவி6 மட்டுமே உள்ள நெட்வொர்க்கிலும் வேலை செய்ய வேண்டும் என்று ஆப்பிள் 2016 ஜூன் முதலே விதி போட்டுவிட்டது.

பின்தங்கியிருப்பது பெரும்பாலும் வீட்டு வைஃபைதான். 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு கொடுக்கப்படும் புதிய பிராட்பேண்ட் இணைப்புகள் ஐபிவி6-ஐத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் வாங்கிய இணைப்பு, பழைய ரவுட்டர், ஆஃப் செய்து வைத்த செட்டிங்... இவற்றை நாம்தான் கவனிக்க வேண்டும்.

வாங்க, வேலையை ஆரம்பிக்கலாம்.

1. முதலில் ஒரு டெஸ்ட்

போனில் வைஃபையை ஆஃப் செய்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ‘ஐபிவி6 டெஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். இலவசமாகச் சோதித்துச் சொல்லும் தளங்கள் இருக்கின்றன. ரிசல்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வைஃபையில் சேர்ந்து அதே டெஸ்ட். மொபைலில் பாஸ், வைஃபையில் ஃபெயில் என்றால் உங்கள் போன் ரெடி, வீடு ரெடி இல்லை என்று அர்த்தம்.

போனின் செட்டிங்ஸில் ஐ.பி முகவரி இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஐபிவி6 முகவரி நீளமாக, நடுநடுவே முக்காற்புள்ளியுடன் இருக்கும். உதாரணத்துக்கு, கூகுளின் டி.என்.எஸ் முகவரி 2001:4860:4860::8888. நடுவில் இரட்டைப் புள்ளிகள் வந்தால், அங்கே உள்ள சைபர்களை விட்டுவிட்டார்கள் என்று பொருள். நம் ஊர் இணைப்புகளில் பெரும்பாலும் ‘24’ என்று தொடங்கும். ‘எஃப்இ80’ என்று தொடங்குவது மட்டும் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் முகவரி.

2. உங்கள் வீட்டில் எத்தனை ரவுட்டர்?

நிறைய வீடுகளில் இது ஒரு சிக்கல். ஃபைபர் இணைப்புக்காக நிறுவனம் ஒரு டப்பா வைத்துவிட்டுப் போயிருக்கும். சிக்னல் போதவில்லை என்று நீங்கள் ஆன்லைனில் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் சொருகியிருப்பீர்கள். இப்போது ரெண்டு வாட்ச்மேன்! முதல் டப்பாவுக்கு ஐபிவி6 வந்தாலும், பின்னால் இருக்கும் ரவுட்டருக்குப் பங்கு கிடைக்காமல் போகலாம்.

எளிய வழி, உங்கள் ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ மோடுக்கு மாற்றிவிடுவது. அது வைஃபை மட்டும் கொடுக்கும். வாட்ச்மேன் வேலையை முதல் டப்பா பார்த்துக்கொள்ளும்.

3. கஸ்டமர் கேரில் மூன்றே கேள்வி

‘நெட் ஸ்லோவா இருக்கு’ என்று போன் செய்தால், ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்றுதான் பதில் வரும். எனவே, குறிப்பாகக் கேளுங்கள்.

* “என் கனெக்‌ஷன்ல டூயல் ஸ்டாக் இருக்கா?” ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்து ஓடுவதற்குப் பெயர் டூயல் ஸ்டாக்.

* “ப்ரீஃபிக்ஸ் டெலிகேஷன் தர்றீங்களா?” உங்கள் வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு தொகுதி கிடைக்குமா என்று அர்த்தம். இது இல்லாவிட்டால் ரவுட்டருக்கு முகவரி கிடைக்கும், போனுக்குக் கிடைக்காது.

* “நீங்க கொடுத்த ரவுட்டர் சப்போர்ட் பண்ணுமா? இல்லைன்னா மாத்தித் தருவீங்களா?” முன்னால் சொன்ன அரசு உத்தரவு, நிறுவனங்கள் தங்களுக்குச் சொந்தமான பழைய ரவுட்டர்களைப் படிப்படியாக மாற்றவும் சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

4. ரவுட்டருக்குள் போகலாம்

வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடியுங்கள். சரியான எண், யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே போனதும் எதையும் மாற்றுவதற்கு முன், இருக்கும் செட்டிங்ஸ் பக்கங்களை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது சொதப்பினால் பழையபடி மாற்ற இதுதான் உயிர்காக்கும்.

அடுத்து, ஃபேர்ம்வேர் அப்டேட் இருந்தால் முடித்துவிடுங்கள். அப்டேட் ஓடும்போது கரன்ட் கட் ஆகக் கூடாது. மழை பெய்யும் நாளில் இந்த வேலை வேண்டாம்!

பிறகு ‘வேன்’ அல்லது ‘இன்டர்நெட்’ பகுதியில் ஐ.பி மோடை ‘ஐபிவி4/ஐபிவி6’ என்று மாற்றுங்கள். முகவரி பெறும் முறையை ‘ஆட்டோ’ அல்லது நிறுவனம் சொன்னபடி வையுங்கள். ‘ப்ரீஃபிக்ஸ் டெலிகேஷன்’ ஆன். அடுத்து ‘லேன்’ பகுதியில் ஐபிவி6-க்கு ‘ஸ்லாக்’ என்று இருக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் இந்த முறையை நம்பித்தான் முகவரி வாங்குகின்றன. ‘டிஹெச்சிபிவி6’ மட்டும் வைத்துவிட்டு, ‘லேப்டாப்ல வருது, போன்ல வரலையே’ என்று குழம்புபவர்கள் உண்டு.

சேவ் செய்து, ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடியும் டெஸ்ட் எடுங்கள். பச்சை வந்துவிட்டதா? செம! ஆனால், வேலை இன்னும் முடியவில்லை. முக்கியமானதே இனிமேல்தான்.

5. வாட்ச்மேன் போயாச்சு... பூட்டு இருக்கா?

வாட்ச்மேன் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். கேட்காமல் வந்த கடிதத்தை அவர் திருப்பி அனுப்பியது உங்கள் பாதுகாப்புக்காக இல்லை. யாருக்கு என்று தெரியாததால்தான். ஆனால், அதனால் நமக்கு ஒரு பாதுகாப்பும் கிடைத்துவந்தது. ஐபிவி6-ல் ஒவ்வொரு கருவிக்கும் நேரடி முகவரி என்பதால், அந்தத் தற்செயல் பாதுகாப்பு போய்விடும். அந்த இடத்தில் நிஜமான பூட்டு ஒன்று வேண்டும். அதுதான் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால்.

பெரும்பாலான நல்ல ரவுட்டர்களில் இது ஆன் செய்தே வரும். ஆனால், ‘வரும்’ என்று நம்பிவிடாமல் கண்ணால் பார்த்துவிடுங்கள். செக்யூரிட்டி பகுதியில் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்க வேண்டும். உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலை மட்டும் விட வேண்டும். வெளியிலிருந்து தானாக வருவதைத் தடுக்க வேண்டும். ‘பாதுகாப்புக்கு நல்லது’ என்று ஐ.சி.எம்.பி.வி6-ஐ மட்டும் முழுசாக பிளாக் செய்யாதீர்கள். ஐபிவி6 ஒழுங்காக ஓடுவதற்கே அது தேவை.

அடுத்து பாஸ்வேர்டு. 2016-ல் ‘மிராய்’ என்ற மால்வேர், கம்பெனியில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றை வைத்தே ‘டின்’ என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்கு முடங்கின. அது நடந்தது ஐபிவி4 காலத்து வழியில்தான். ஆனால் பாடம் எல்லாவற்றுக்கும் பொது. ரவுட்டர், கேமரா, ஸ்மார்ட் டி.வி பெட்டி... எதிலெல்லாம் ‘அட்மின், அட்மின்’ இருக்கிறதோ, இன்றே மாற்றுங்கள்.

‘நேரடி முகவரினா என்னை யாராவது ஃபாலோ பண்ண மாட்டாங்களா?’ என்பது நியாயமான கேள்வி. இதற்காகவே இன்றைய போன்களும் லேப்டாப்களும் தற்காலிக முகவரிகளை அவ்வப்போது உருவாக்கி மாற்றிக்கொள்கின்றன. அந்த வசதியை ஆஃப் செய்யாமல் விட்டாலே போதும்.

6. வி.பி.என், பேரன்டல் கன்ட்ரோல்... ஓட்டை இருக்கா?

தம்பி, தங்கச்சிக்காக ரவுட்டரில் ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா? அது ஐபிவி4 டி.என்.எஸ்-ஸில் மட்டும் போட்டதாக இருந்தால், ஐபிவி6 வழியாக எல்லாம் ஜாலியாகத் திறக்கும். எனவே, ஐபிவி6 டி.என்.எஸ் பகுதியிலும் அதே ஃபில்டர் சேவையின் முகவரியைப் போடுங்கள்.

வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர்கள் வி.பி.என்-னையும் ஒருமுறை சோதியுங்கள். ஐபிவி4-ஐ மட்டும் கவனிக்கும் வி.பி.என் என்றால், ஐபிவி6 போக்குவரத்து அதைத் தாண்டி நேராக வெளியே போய்விடலாம். வி.பி.என்-னை ஆன் செய்துவிட்டு அதே டெஸ்ட்டை எடுங்கள். உங்கள் வீட்டு ஐபிவி6 முகவரி தெரிந்தால் கசிவு என்று அர்த்தம். அலுவலக வி.பி.என் என்றால் ஐ.டி டீமிடம் சொல்லிவிடுங்கள்.

7. பழைய பிரின்டர் பாவம், அதை விட்டுடுங்க

ஐபிவி6 வந்துவிட்டது என்று ஐபிவி4-ஐ ஆஃப் செய்துவிடாதீர்கள். இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாத ரெண்டு மொழிகள். சென்னையில் லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் ஒரு ‘2’ சேர்த்தார்களே, அதுபோல பழைய எண்ணோடு ஒட்டவைத்த சமாசாரம் இல்லை இது. பழைய பிரின்டருக்கும், விலை குறைந்த ஸ்மார்ட் பல்புக்கும் ஐபிவி4 மட்டும்தான் தெரிந்திருக்கும். ஐபிவி6 இல்லாத வெப்சைட்டுகளும் இன்னும் நிறைய இருக்கின்றன. இரண்டும் ஓடட்டும். எது சீக்கிரம் பதில் தருகிறதோ, அதை உங்கள் பிரவுசரே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

‘ஸ்பீடு டபுள் ஆகுமா ப்ரோ?’

ஆகாது! நீங்கள் கட்டும் பிளானின் ஸ்பீடுதான். சி.ஜி.நாட் என்ற இடைத்தரகர் இல்லாததால் சில நேரம் கேமிலும் வீடியோ காலிலும் தாமதம் குறையலாம், அவ்வளவுதான். ‘நெட் ஸ்லோவா? ஐபிவி6-ஐ ஆஃப் பண்ணுங்க’ என்று சொல்லும் டிப்ஸ் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். விண்டோஸில் அதை ஆஃப் செய்ய வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது.

ஆன் செய்த பிறகு சில தளங்கள் மட்டும் திறக்கத் திணறினால், ரவுட்டரில் ஐபிவி6-ஐத் தற்காலிகமாக ஆஃப் செய்துவிட்டு, எடுத்து வைத்த போட்டோவைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். பிறகு, டெஸ்ட் ரிசல்ட்டோடு நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். ஆதாரம் கையில் இருந்தால், ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற பதிலோடு முடித்துவிட முடியாது.

அப்புறம், அந்த கேமரா?

நண்பர் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் உட்கார்ந்து செய்தார். ஐபிவி6 வந்தது. ஆர்வத்தில் கேமரா ரெக்கார்டருக்கு ஃபயர்வாலில் ஒரு கதவைத் திறக்கப் போனவர், ஒரு நிமிடம் நின்று அதன் பாஸ்வேர்டைப் பார்த்தார். கடைக்காரர் வைத்துக் கொடுத்த 123456! அப்படியே திறந்திருந்தால் அம்மாவின் வாசல் இவருக்கு மட்டும் தெரிந்திருக்காது.

பாஸ்வேர்டை மாற்றினார். கேமராவை இன்டர்நெட்டுக்குத் திறக்கவே இல்லை. ரவுட்டரிலேயே இருந்த வி.பி.என் வசதியை ஐபிவி6 வழியாக ஆன் செய்தார். வீட்டு முகவரி மாறினாலும் கண்டுபிடிக்க, டைனமிக் டி.என்.எஸ்-ஸில் ஒரு பெயர் வைத்தார். இப்போது சென்னையில் இருந்து போனில் வி.பி.என்-னைத் தட்டினால், அம்மா வீட்டு வைஃபைக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரிதான். மாசக் கட்டணம் எதுவும் இல்லை.

காலையில் அம்மா கோலம் போடுவதை ஆபீஸ் போகும் ரயிலில் இருந்து பார்க்கிறார். “என்னடா, இன்னிக்குக் கோலம் சின்னதா இருக்கு, கை வலியா?” என்று போன் செய்து கேட்கிறார்.

உங்களுக்கு இப்படி ஒரு கேமரா இல்லாமல் இருக்கலாம். ஆனால், வீட்டில் ஒரு ரவுட்டர் இருக்கிறது. முதல் டெஸ்ட்டுக்கு ரெண்டு நிமிடம் போதும். வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஆரம்பிங்க!